பக்கத்து வீட்டுப் பிள்ளை

மகளுக்கு வீட்டில் பொட்டலம் என்று பெயர். பிறந்த அன்று நர்ஸ் துண்டில் இறுக்கிச் சுற்றிக் கையில் கொடுத்ததைப் பார்த்து அப்பா விளையாட்டாக வைத்தது, பள்ளியில் சேர்க்கும் வயது வந்தும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அவனுக்குத்தான் போன் வரும். கதவைத் திறக்கும் முன் வெளியே நின்று பேச்சுக் கொடுப்பான். "பதறாதீங்க. உள்ள காத்து வரும். நான் இங்கதான் நிக்கிறேன்." அந்தக் குரலைக் கேட்டாலே உள்ளே இருப்பவர்களுக்குப் போன உயிர் திரும்பிவிடும் என்று பேர் வாங்கியிருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

பள்ளிக்கு அலைந்தது, படிவம் எழுதியது, டீச்சரிடம் பேசியது எல்லாம் மனைவிதான். அவன் அந்த வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் முதல் நாள் அன்று பார்த்து அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் விழுந்தது. லீவு கேட்டாள், கிடைக்கவில்லை.

"அழுவா. அழுதா விட்டுட்டு ஓடி வந்துடாதீங்க. கொஞ்ச நேரம் கூட உக்காருங்க," என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே.

"தினமும் அழறவங்களோடதான் குப்பை கொட்டிட்டு இருக்கேன். நீ நிம்மதியா போ."

வழி முழுக்கப் பொட்டலம் சமர்த்தாகத்தான் வந்தாள். பையை யாரிடமும் தரமாட்டேன் என்று தானே சுமந்தாள். கேட்டுக்குள் நுழைந்ததும், உள்ளே யாரோ ஒரு பிள்ளை வீறிடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கால் நின்றது. அடுத்த நிமிடம் சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தாள். ஒரு ஷூ எங்கேயோ பறந்தது.

அவன் குனிந்து தன் குரலை எடுத்தான். "பதறாத கண்ணு. அப்பா இங்கதான் நிக்கிறேன்."

அந்தக் குரல் அவளிடம் ஒரு காசும் பெறவில்லை. தூக்கப் போனவனின் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் கையை உதறினான். பிறகு அவளுடைய புதுப் பாவாடை நனைந்து, கீழே ஈரம் மெல்லப் பரவியது. பெற்றவர்கள் நாலைந்து பேர் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சற்று விலகி நடந்தார்கள்.

அப்போதுதான் அவன் லிஃப்ட் பார்க்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாவது மாடி மேடம் தன் மகனோடு வந்தார். போன மாதம் இருபது நிமிடம் லிஃப்டில் மாட்டியிருந்தவர். அவன் பேச்சுக் கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிய கதையைக் கட்டடம் முழுக்கச் சொல்லிவைத்தவர்.

"அட, மெக்கானிக் தம்பியா? யாரு பெத்த பிள்ளை இது? வீட்டுல கொஞ்சம் பழக்கி அனுப்ப மாட்டாங்களா?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு முகம் காது வரை சுட்டது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க, மேடம். அவங்களுக்கு வர முடியல. நான் சும்மா கொண்டுவிட வந்தேன்."

நாக்கு குழறவில்லை. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததுபோல வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

பொட்டலத்தின் அழுகை சட்டென்று அறுந்தது. படுத்த வாக்கிலேயே அவனைப் பார்த்தாள். "பாத்தீங்களா, தம்பி பேசினாலே அடங்கிடுது," என்று மேடம் சிரித்தார். அவனும் சிரித்துவைத்தான்.

டீச்சர் ஓடிவந்து, ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டார். "நீங்க யாரு சார்?"

மேடம் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். "பக்கத்து வீடு," என்றான் மறுபடியும்.

"சரி, பன்னெண்டு மணிக்கு அப்பா அம்மால யாராவது ஒருத்தர் வரணும்னு சொல்லிடுங்க." நோட்டில் ஏதோ எழுதினார். அவன் பறந்து விழுந்த ஷூவை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூட உட்காராமல் வெளியே வந்தான்.

அன்று ஒரு துணிக்கடையின் லிஃப்டில் வேலை. மேல்தளத்து மோட்டார் அறையில் உட்கார்ந்து கிரீஸ் போடும்போது மணிக்கட்டில் நாலு பல் தடம் தெரிந்தது. சின்னப் பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம், நாலு வயசுக்கு என்ன புரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை. லிஃப்டுக்குள் கத்துகிறவர்களைப் பற்றி அவன் பயந்ததே இல்லை. சத்தம் நின்றுபோனவர்களை நினைத்துத்தான் அவனுக்குப் பயம். இது தெரிந்தவன்தான் காலையில் அவள் அழுகை அறுந்தபோது சிரித்துவைத்தான். ஸ்பேனரைக் கீழே வைத்தான். பதினொன்றரைக்கே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றான்.

பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பொட்டலம் யாருடையதோ ஒரு பெரிய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

டீச்சர் நோட்டைப் பார்த்தார். "நீங்க பக்கத்து வீட்டுக்காரர்தானே? அப்பா அம்மா வரணும்னு சொன்னேனே."

"இல்ல டீச்சர், நான்தான்..." என்று இழுத்தான்.

டீச்சர் குழந்தை பக்கம் குனிந்தார். "கண்ணு, இவர் யாரு?"

பொட்டலம் கொஞ்சம் யோசித்தாள்.

"பக்கத்து வீடு," என்றாள்.

கோபத்தில் சொன்னாளா, அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னாளா, அவனுக்குத் தெரியவில்லை. முகத்தில் கோபம் இல்லை.

"நான்தான் டீச்சர் அவ அப்பா. காலையில பொய் சொல்லிட்டேன்."

சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவு இரைச்சல். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். எட்டாவது மாடி மேடமும் அங்கே இருந்தார். "காலையில வேற மாதிரி சொன்னீங்களே, தம்பி," என்றார், நிஜமாகவே குழம்பிப்போய். டீச்சரின் கை பொட்டலத்தின் தோளில் இறுகுவதைப் பார்த்தான். அவர் செய்ததுதான் சரி. தன் பிள்ளையைத் தன்னிடமிருந்து ஒருவர் காப்பாற்றுகிறார், அதையும் குறை சொல்ல முடியாது என்பது அவனை இன்னும் குறுக்கிப்போட்டது.

மனைவியின் போன் ஷிஃப்ட் முடியும்வரை தொழிற்சாலைப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். முக்கால் மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தான். எல்லாப் பிள்ளைகளும் போனபின், டீச்சர் அவளுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அவரு அப்பாதான் டீச்சர். கட்டை விரல்ல கறுப்பா ஒரு தழும்பு இருக்கும் பாருங்க. ஏன், என்ன ஆச்சு?"

டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. புதுசு இல்லையா, எனக்கு அடையாளம் தெரியல."

திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது அவனுக்கு.

வீட்டுக்குப் போகும் வழியில் பொட்டலம் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அங்கே மீன் படம் இருக்கிறது, ஒரு பொண்ணு பென்சிலைத் தின்றாள் என்று ஏதேதோ சொன்னாள். அவன் உம் கொட்டினான். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தான். நாலு வயசுக் குழந்தையிடம் எந்த வார்த்தையில் கேட்பது என்று பிடிபடவில்லை.

சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னான். டீச்சர் மூடி மறைத்ததையும் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கையில் இருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"அவ கேட்டுட்டு இருந்தாளா?"

"கேட்டா."

அவள் அந்தச் சட்டையைக் கீழே வைத்தாள். துவைத்துக் காய்ந்திருந்த அந்தப் பெரிய கால்சட்டையை எடுத்து, திருப்பித் தருவதற்காகத் தனியே மடித்து வைத்தாள்.

மறுநாளும் அவன்தான் கூட்டிப் போனான். கேட்டுக்குப் பத்தடி முன்னால் பொட்டலம் நின்றாள்.

"இன்னிக்கு நீ யாருப்பா?"

கேலி இல்லை. டீச்சர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். தெரு என்றும் பாராமல் அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தான்.

"அப்பா. எப்பவும் அப்பாதான். நேத்து அப்பா தப்பு பண்ணிட்டேன்."

"சரி," என்றாள் அவள். கேட்டுக்குள் போனதும் நேற்று மாதிரியே கீழே விழுந்து அழுதாள். அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். எட்டாவது மாடி மேடம் லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனார். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நேற்றைய வெட்கம் மகளைப் பார்த்து வந்தது. இன்றையது தன்னைப் பார்த்து; அவளுக்கு அதில் பங்கில்லை.

ஒன்பது நாள் அழுதாள். பத்தாவது நாள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அவன்தான் கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றிருந்தான்.