உத்திராபதி கட்டிய ஆறு பெட்டிகள்

மாமா குளிக்கப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டதும் சேரன் மேஜை மேலிருந்த ரயில் பெட்டியைக் கையில் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் இதுதான் வழக்கம். அக்கா மாலதி அடுப்படி வாசலில் வந்து நின்றுகொள்வாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் நின்றால் அவள் ஒருமுறை செருமுவாள். அவளுடைய வேலை அவ்வளவுதான். மீதியெல்லாம் அவனுடையது.

பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். விரல் நுனி அளவு பிளாக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்திக் கட்டிய பெட்டி அது. ஒரு பிளாக் சரியாக உட்காராவிட்டால் நடுவே மயிரிழை போல வெளிச்சக் கோடு தெரியும். இடது பக்கச் சுவரில் கோடே இல்லை. வலது பக்கம் முழுக்கக் கோடு கோடாக இருந்தது. வலது சுவரை வலது கையால்தான் வைக்க வேண்டும் என்பது மாமாவின் விளங்காத கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற அம்மா போட்ட சட்டம்.

நகத்தால் கூரையைக் கிளப்பினான். வலது சுவரைப் பிரித்தான். மாமா சின்னச் சின்னத் துண்டாக அடுக்கியிருந்த தரையை எடுத்துவிட்டு, தன் பையிலிருந்து நீளமான சிவப்புத் தகடு ஒன்றை எடுத்து அடியோடு அடியாகப் பூட்டினான். இனி எந்த வளைவில் இழுத்தாலும் பெட்டி பிளக்காது. அதன் மேல் பழைய நீலச் சுவரையே மறுபடி வைத்துக் கட்டை விரலால் அழுத்தினான். வெளியிலிருந்து பார்த்தால் மாமா கட்டிய அதே பெட்டி. அவர் ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் தவறுதலாக வைத்திருந்த வெள்ளை பிளாக்கைக் கூட இடம் மாற்றாமல் அங்கேயே வைத்தான். அந்த வெள்ளை பிளாக்கை வைக்கும்போதுதான் அவனுக்கு ரொம்பக் கூசியது. திருடப் போன வீட்டை ஒழுங்காகப் பூட்டிவிட்டு வருவது போல இருந்தது.

மாலதி செருமினாள். பெட்டி மேஜைக்குப் போய்விட்டது.

சேரனுக்குக் குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒற்றை அறை. கல்யாணம் இன்னும் கூடி வரவில்லை. அந்த அறையில் பாதி இடத்தைப் பிளாக்கில் கட்டிய ரயில்கள்தான் அடைத்துக்கொண்டிருந்தன. ஒரு எஞ்சினைக் கம்ப்யூட்டரில் வரைந்து, கட்டி, ஓடவிட்டு, வளைவில் எங்கே இடிக்கிறது என்று பார்த்து, பிரித்து மறுபடி கட்டுவான். பெட்டி நீளமானால் வளைவில் அதன் நடு உள்ளே போகும், முனைகள் வெளியே தள்ளும். அதைச் சரிக்கட்டுவதற்கென்றே வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். 

மாலதியின் புருஷன், மாமா உத்திராபதி, சிதம்பரத்தில் ஸ்கூல் வேன் ஓட்டியவர். போன வருஷம் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் இழுத்துவிட்டது. கால் நான்கு மாதத்தில் ஓரளவு வந்தது. கை வரவில்லை. ரப்பர் பந்து கொடுத்தார்கள், அதைத் தெருவில் எறிந்தார். மாவு பிசையச் சொன்னார்கள், அது பொம்பளை வேலை என்றார். கடைசியில் சேரன் ஒரு பெட்டி நிறைய பிளாக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினான்.

“சின்னப் பசங்க சாமான என்கிட்ட கொட்றியே மச்சான், அடுத்து தொட்டில் கட்டுவியா?” என்றார் மாமா. ஆனால் அன்று சாயந்திரமே ஒன்றை எடுத்து இன்னொன்றில் வைத்துப் பார்த்தார். ரயில்வே கேட்டில் வேனை நிறுத்திப் பிள்ளைகளோடு தினமும் பார்த்த ரயிலைக் கட்டலாம் என்று சேரன் சொன்னதும் அவர் முகம் மாறியது. எஞ்சினை அவன் கட்டிக் கொடுப்பது, பெட்டிகளை அவர் கட்டுவது என்று ஏற்பாடு.

முதல் பெட்டியை அவர் கட்ட ஒரு வாரம் ஆனது. சேரன் வந்து மேஜை மேல் தண்டவாளம் போட்டு மோட்டாரைத் தட்டினான். ரயில் நேர்ப் பாதையில் நன்றாகத்தான் போனது. வளைவில் திரும்பியதும் பெட்டியின் வலது சுவர் அப்படியே உதிர்ந்து விழுந்தது. மாமா கட்டிலில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. மாலதி போனில் அழுதாள். அவள் அழுகையைக் கேட்டுக்கொண்டே சேரன் ஒரு தீர்மானத்துக்கு வந்தான். நான்காம் நாள் எழுந்த மாமா உதிர்ந்த சுவரைத் திரும்ப வைத்தார்; அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனபோது சேரன் அதில் முதல் சிவப்புத் தகட்டை வைத்தான்.

பெட்டி வளைவில் நின்றது. மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து மாலதி அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். இதிலென்ன தப்பு என்றுதான் அன்றைக்கு இரண்டு பேருக்கும் தோன்றியது. அப்படியே ஒவ்வொன்றாக ஆறு பெட்டி ஆகிவிட்டது.

இன்று குளித்து, திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்த மாமா ஆறாவது பெட்டியையும் கோத்து ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஒன்றும் உதிரவில்லை. அப்புறம்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து ரயிலுக்குப் பக்கத்தில் வைத்தார். வேனின் மாற்றுச் சாவி.

அடுத்த ஞாயிறு கழிந்து மறுநாள் திங்களிலிருந்து வண்டி எடுப்பதாக ஸ்கூல் கரஸ்பாண்டன்ட் அம்மாவிடம் பேசிவிட்டாராம். இப்போது ஓட்டுகிற பையன் சந்தில்கூட விரட்டுகிறானாம், பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். அந்தம்மா முதலில் யோசித்தாராம். பிறகு மாமா பெட்டி கட்டுவதையும் ரயில் ஓடுவதையும் வீடியோ எடுத்து அனுப்பியதும் ஒத்துக்கொண்டாராம். டாக்டர் சர்டிபிகேட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றாராம்.

“ஸ்டியரிங் புடிக்கிறத வுட இது கஷ்டம் மச்சான். இதயே அமுத்துற கைக்கு ஸ்டியரிங் என்னா பெருசு?” என்று தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார் மாமா.

சேரன் தலையை ஆட்டினான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கடலூர் பஸ்ஸில் ஏறியவன் வெள்ளாற்றுப் பாலத்தைக் கூடக் கவனிக்கவில்லை. மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஸ்கூல் வேன் நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. கழுத்தில் தண்ணீர் பாட்டில் தொங்க ஒரு பெண் குழந்தை படியில் ஏற முடியாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. வேன் டிரைவர் இறங்கி வந்து கையை நீட்டித் தூக்கினார். வலது கை. சேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லேபில் ஒரு சாம்பிள் சரியில்லை என்றால் சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் அவன். மேனேஜர் எத்தனை தடவை கேட்டாலும் மாற்றி எழுத மாட்டான்.

மாலதியைப் போனில் கூப்பிட்டான். அவள் அழுத குரலில்தான் இருந்தாள். அவரிடம் சொல்லிவிடலாம் என்றான். வேண்டாம், மனுஷன் மறுபடி படுத்துவிடுவார் என்றாள். இரண்டு பேருமாகப் பேசிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏழாவது பெட்டியை அவன் தொடக் கூடாது. அது தானாக விழட்டும். விழுந்தால் அவருக்கே புரிந்துவிடும். யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கடைசி வசதிதான் சேரனுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிறு வந்தது. மாமா குளிக்கப் போனார். சேரன் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழாவது பெட்டியின் வலது சுவரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மேஜையிலிருந்தபடியே கோடு தெரிந்தது.

ரயில் கிளம்பியது. வளைவில் ஆறு பெட்டிகளும் திரும்பின. ஏழாவதின் சுவர் பிளந்து, கூரை சரிந்து, நீல பிளாக்குகள் தரையில் நாலா பக்கமும் ஓடின. மற்ற ஆறும் எதுவும் நடக்காதது போல அடுத்த சுற்றுக்குப் போய்விட்டன.

சேரன் மாமாவைப் பார்த்தான். மாமா உச்சுக் கொட்டினார்.

“காலைல மாத்திர போடாம உக்காந்துட்டேன், அதான். நாளைக்கு வண்டி எடுக்கணுமேன்னு ஒரு அவசரம் வேற. அந்த ஆறும் நிக்குது பாரு. ஆறு நிக்கிது, ஒண்ணு வுழுதுன்னா அது கையோட தப்பு இல்ல மச்சான்.”

குனிந்து உதிர்ந்த பிளாக்குகளை இடது கையால் பொறுக்க ஆரம்பித்தார். மாலதி அடுப்படி வாசலில் நின்று தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சேரன் மோட்டாரை நிறுத்தினான்.

“மாமா, அந்த ஆறும் நான் மாத்துனது.”

“டிசைன் ஒன்னோடதுதான, அது தெரியுமே.”

“டிசைன சொல்லல. நீங்க கட்டி வெச்சத நான் பிரிச்சி திரும்பக் கட்டுனேன். ஒவ்வொரு வாரமும். நீங்க குளிக்கப் போறப்ப.”

முதல் பெட்டியை எடுத்துக் கூரையைத் திறந்து காட்டினான். உள்ளே சிவப்புத் தகடு. இரண்டாவதைத் திறந்தான். அதிலும். மூன்றாவதைத் திறக்கப் போனபோது மாமா போதும் என்பது போல இடது கையை உயர்த்தினார். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, மாலதியைப் பார்த்தார். உனக்கும் தெரியுமா என்று அவளிடம் கேட்டார். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மாமா பெட்டிகளின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“என்னுதுன்னு எதாச்சும் இருக்கா இதுல?”

ஒரு பெட்டியாவது முழுக்க அவர் கட்டியது என்று சொல்லிவிடலாம். நான்காவதைச் சொல்லலாம், அதில்தான் வேலை குறைவு. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இன்னொரு சிவப்புத் தகடு அது என்று உடனே தெரிந்தது.

“எடது பக்கம் பூரா ஒங்களுது மாமா.”

மாமா சிரித்தார். “எடது கைக்குதான் ஒண்ணுமே ஆவலியேடா.”

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. சத்தமும் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சேரனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்றைக்கு முதல் பெட்டி விழுந்ததும் தான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கிடந்தது வாஸ்தவம்தான் என்றார். மறுவாரமும் விழுந்திருந்தால் திரும்பக் கட்டியிருப்பேன், இல்லையென்றால் கட்டாமல் விட்டிருப்பேன், ஏதோ ஒன்று, அது என் பாடு, அதற்குள் உனக்கு என்ன வேலை என்று கேட்டார். அக்கா அழுதாளே என்று சேரன் முனகினான். அழட்டுமே என்றார்.

“அத்தினி புள்ளைங்கள ஏத்திக்கிட்டு...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. மடியில் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்து மேஜை மேல் வைத்தார், அது வேறு யாருடையதோ என்பது போல. பிறகு போனை எடுக்கச் சொன்னார்.

“அந்தம்மாவுக்குப் போடு. நான் வர்லன்னு சொல்லாத. நீ என்னா பண்ணியோ அத சொல்லு. ஸ்பீக்கர்ல போடு, நான் கேக்கணும்.”

கரஸ்பாண்டன்ட் அம்மா ஏதோ கல்யாணத்தில் இருந்தார் போல, மேளச் சத்தம் கேட்டது. சேரன் தான் யார் என்று சொன்னான். வீடியோவில் ஓடிய ரயிலைத் தான்தான் பிரித்துக் கட்டியதாகவும், மாமாவின் கை இன்னும் வரவில்லை என்றும், அவருக்கு இது இப்போதுதான் தெரியும் என்றும் சொன்னான். கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னான்.

“அந்த வீடியோவ பேரண்ட்ஸ் குரூப்ல போட்டுட்டனே தம்பி,” என்றார் அந்தம்மா. “எல்லாரும் சாருக்குக் கை தட்டிக்கிட்டு இருக்காங்க. இப்ப நான் என்னான்னு எழுதறது?”

தன் பெயரைப் போட்டே எழுதச் சொன்னான் சேரன். அந்தம்மா சாரைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மாமா சட்டைப் பையைத் தடவிச் சாவியை எடுத்தார். நாளைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்கூலில் கொண்டுபோய் அவனே கொடுக்க வேண்டும் என்றார். சேரன் வாங்கிக்கொண்டான்.

அவன் செருப்பை மாட்டப் போனான். மாலதி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். மாமா போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பிரித்த பெட்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு அவள் அந்த மேஜையிலேயே தட்டு வைத்தாள். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த சங்கரா மீன் குழம்பு. வழக்கமாக மாமாவுக்கு முள் எடுத்து வைக்கிறவள் இன்று எடுக்கவில்லை. எடுக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருந்தது. மீனை முழுதாக வைத்துவிட்டு நின்றாள்.

மாமா வலது கையைத் தட்டில் இறக்கினார். விரல்கள் மீனைத் தொட்டன, வழுக்கின. மறுபடி தொட்டன. சதை கொஞ்சம் பிய்ந்தது, அதில் பாதி சோற்றிலும் பாதி மேஜையிலும் விழுந்தது. சேரன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முயன்றான். மூன்றாவது தடவை மீன் தட்டின் விளிம்புக்கு நழுவியபோது அவன் கை தானாக நீண்டு அதை உள்ளே தள்ளிவிடப் போனது.

“கைய எடு.”

சேரன் எடுத்துக்கொண்டான். மாமா குனிந்து, சோற்றைக் கிளறி, வலது கை விரலால் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார். மாலதி உட்காரவில்லை. சேரனின் தட்டில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. மாமா சாப்பிட்டு முடிக்கிற வரை எழுந்திருக்கவும் முடியாது, உதவவும் முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. அவருக்கு வெகு நேரம் பிடித்தது.