பாதி கரண்டில் ஒரு பியானோ

பியானோவுக்குக் கரண்டைக் குறைக்க அத்தான் மாட்டிய இரும்புப் பெட்டி புகைந்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னபோது என் மனசு குளிர்ந்தது. அவர் வாங்கிவந்த சாமான்களில் உருப்படியாக ஒரு காரியம் செய்தது அதுதான் என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

"வந்து பாருடி. பியானோவையே நம்ம வீட்டுக் கரண்டுக்கு மாத்திக் குடுக்கணுமாம் உன் அத்தானுக்கு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இனிமே அத யாரு வாசிக்கப் போறா?"

அந்தக் கடைசிப் பேச்சுக்காகத்தான் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குழுவுக்கு பியானோ வாசிப்பவள். படியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு கையைப் பழக்கிக்கொள்ள வீட்டிலேயே ஒன்று இருந்தால் நல்லது என்றாள். அத்தான் உடனே பழைய சாமான் விற்கும் ஒருவரிடமிருந்து, எங்கோ கடல் தாண்டிவந்த எலக்ட்ரிக் பியானோ ஒன்றைப் பிடித்துவந்தார். என்னைவிட வயதில் மூத்தது. பின்பக்கத் தகட்டில் 110 வோல்ட் என்று போட்டிருந்தது. வீட்டில் வருவது 230. அதை 110 ஆகக் குறைத்துக் கொடுக்க அந்த இரும்புப் பெட்டியையும் வாங்கிவந்து நடுவில் மாட்டிவிட்டார்.

நான் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை நடத்துகிறேன். அத்தான் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் கம்பெனியில் மேலாளர். அதனால் கரண்ட் சமாச்சாரத்தில் என்னைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

பியானோ ஈனஸ்வரத்தில் முனகியது. சத்தம் வரட்டும் என்று அக்கா ஓங்கி அடித்தாள். அடித்த அடியில் உள்ளே அதிர வேண்டிய எஃகு நாக்குகளில் இரண்டு ஒடிந்ததுதான் மிச்சம். அத்தான் சோபாவில் கால்மேல் கால் போட்டபடி தீர்ப்புச் சொன்னார்: பொருள் முதல்தரம், இவள் கையில்தான் வலு இல்லை. நாலு மாதமாக இதே பாட்டு. கேட்டுக் கேட்டு அக்காவும் நம்பிவிட்டாள். அன்று காலை தலைமை ஆசிரியை கூப்பிட்டு, திரும்ப வருகிறாளா, இல்லை வேறு ஆள் போடட்டுமா என்று கேட்டிருக்கிறார். போனை எடுத்தவர் அத்தான். "அவளால முடியாது மேடம்" என்று அவரே சொல்லி வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற அக்கா வாயைத் திறக்கவில்லை. இதைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் மூடியைக் கழற்றும்போது அத்தான் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"பாத்துமா. உள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரையே தூக்கிட்டு வேற போடணும். நான் எல்லாம் படிச்சு வெச்சிருக்கேன்."

"படிச்சது போதும் அத்தான். கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க."

டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தேன். மீட்டரை வைத்தும் பார்த்தேன். கரண்ட் நுழையும் பக்கம் இரண்டு காயில்கள். 110-க்கு என்றால் இரண்டையும் பக்கம்பக்கமாக இணைத்திருக்க வேண்டும். இவை ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருந்தன. அது 230-க்கான இணைப்பு. பற்றுவைத்த ஈயம்கூடக் கறுத்துப் பழசாகியிருந்தது. எவனோ ஒருவன் எந்தக் காலத்திலோ மாற்றிவிட்டு, தகட்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறான்.

"இதுல மாத்துறதுக்கு ஒண்ணுமில்ல. ஏற்கெனவே மாத்தினதுதான். நாலு மாசமா இதுக்குப் பாதி கரண்டைக் குடுத்துட்டு, அக்கா கைல வலு இல்லன்னு சொல்லிட்டு இருந்திருக்கீங்க."

"அதெப்படி? தகட்டுல போட்டிருக்கே!"

"உங்க கம்பெனி நாற்காலியிலகூட உடையாதுன்னு போட்டிருக்கு."

நேராகச் சுவரில் செருகப்போகிறேன் என்றதும் அத்தான் ஐயோ வெடித்துவிடும் என்று அலறி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பெண்டாட்டியைக் கூப்பிடவில்லை. அவள் பியானோ முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். முதலில் ஒரு குண்டு பல்பை வரிசையில் சேர்த்துப் பார்த்தேன். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அது லேசாகச் சிவந்ததோடு சரி. பல்பைக் கழற்றிவிட்டு நேராகச் செருகினேன்.

அக்கா பழக்கதோஷத்தில் ஓங்கி அடித்தாள். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. சுட்டுக்கொண்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் ஒற்றை விரலால் மெல்லத் தொட்டாள். அந்தச் சின்னத் தொடலுக்கே கூடம் நிறைந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து வீரர் வெளியே வந்தார்.

"பாத்தியா? விடாம அடிச்சுப் பழகுன்னு நான் சொன்னதாலதான் கை தேறியிருக்கு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, காலையில மேடம்கிட்ட முடியாதுன்னு சொன்னது நீங்கதானே? இப்பவும் நீங்களே சொல்லுங்க. போனைப் போடுங்க."

அவள் குரலில் இருந்த எதையோ கேட்டு அவர் மறுபேச்சில்லாமல் போட்டார்.

"மேடம்... காலையில பேசினேனே... அது வந்து, பியானோல ஒரு சின்ன... இல்ல, கைல கொஞ்சம் முன்னேற்றம்..."

அவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அக்கா இரண்டு கையாலும் வாசிக்க ஆரம்பித்தாள். பள்ளிப் பிள்ளைகள் பாடும் பாட்டுத்தான். ஒடிந்த இரண்டு சுரங்கள் வரும் இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

போனில் தலைமை ஆசிரியையின் குரல் எனக்கே கேட்டது.

"சார், யாரு வாசிக்கிறது?"

"என்... என் வீட்டுக்காரிதான் மேடம்."

"பின்ன அவங்களால முடியாதுன்னு யாரு சொன்னது?"

அத்தான் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பழி போட அங்கே வேறு யாரும் இல்லை.

"நான்தான் மேடம்" என்றார்.