அன்ஸார் மச்சானின்ர குண்டிக்காய்

மூத்திரத்தை, அதுதான் சலத்தை, சூடாக்கினா கலங்கக் கூடாது. கலங்கினா சிறுநீரகம், எங்கட பேச்சிலை குண்டிக்காய், பழுது. தவராசா டொக்டர் சொன்னதிலை எனக்கு விளங்கினது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் இங்கிலீசு. அதைக் கேட்டு நான் என்னத்தைக் கண்டன்?

என்ர மனுசன் லாபிருக்கு ரெண்டு குண்டிக்காயும் முடிஞ்சுது. முகம் ஊதி, கால் ஊதி, வவுனியா ஆசுப்பத்திரிக் கட்டிலிலை படுக்கவும் ஏலாமல் குந்தியிருந்து மூச்சுக்கு அடிபடுறார். முள்ளியவளையிலை நெல்லு மூட்டையை ஒருத்தற்றை கையும் படாமல் தோளிலை ஏத்தின மனுசன். இப்ப தேத்தண்ணிக் கோப்பையையும் நான்தான் பிடிக்கோணும். படைச்சவனே, உனக்கு வேற ஆள் கிடைக்கேல்லையோ எண்டு நான் வாய்விட்டே கேட்டனான்.

இப்ப அறுபத்தஞ்சாம் வருசம்; டொக்டர் சீமையிலை படிச்சிட்டுப் போன வருசம்தான் வந்தவர். ஒருநாள் கட்டிலடியிலை நிண்ட அன்ஸார் மச்சானைக் கண்டிட்டு வாயைப் பிளந்தார்.

"இவர் ஆர்?"

"இவரோடை பிறந்தவர், டொக்டர். ரெட்டை."

ரெட்டையெண்டா எங்கட ஆக்கள் அசன், உசன் எண்டுதான் பேர் வைக்கிறது. எங்கட மாமாவுக்கு அதிலையும் ஒரு புதினம், லாபிர், அன்ஸார் எண்டு வைச்சிட்டார். பேரை மாத்தி என்ன, முகம் மாறிச்சுதே? கலியாணம் முடிச்ச புதுசிலை நான் அன்ஸார் மச்சானை என்ர ஆளெண்டு நினைச்சு, கறிக்கு மீன் வாங்கேல்லையெண்டு கிழிகிழியெண்டு கிழிச்சனான். அந்த மனுசன் பேசாமல் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தது. அதைச் சொல்லிச் சபூறா இண்டைக்கும் சிரிப்பாள். சபூறா அவரின்ர பெண்சாதி, என்னை அக்கா முறையிலை ராத்தா எண்டு கூப்பிடுறவள்.

டொக்டர் எங்களைக் கதிரையிலை இருத்திச் சொன்னார். "ஒரே அச்சிலை பிறந்த ரெட்டையெண்டா ஒருத்தற்றை குண்டிக்காயை எடுத்து மற்றவருக்கு வைக்கலாம். வேற ஆற்றையை வைச்சாலும் உடம்பு ஏற்கிறது பெரிய கரைச்சல். இஞ்சை ஏலாது. லண்டனிலை நான் வேலை செய்த இடத்திலை செய்யினம். நான் எழுதிக் கேக்கிறன். ஆனா அதுக்கு முதல் தாறவற்றை குண்டிக்காய் சுகமோ எண்டு பாக்கோணும். பழுதானதை எடுத்து வைச்சா ரெண்டு பேரையும் கொல்லுறதுதான்."

"இப்பவே பாருங்கோ டொக்டர்," எண்டு அன்ஸார் மச்சான் சட்டையைக் கழட்டத் துவங்கிட்டார். சட்டையோடையே பாக்கலாமெண்டு டொக்டர் சிரிச்சார்.

அண்டு பின்னேரம் சபூறா என்னோடை சண்டைக்கு வந்தாள். "எனக்கும் பிள்ளையள் இருக்கு ராத்தா! ஆடறுத்துப் பங்கு போடுற மாதிரிப் பேசுறீங்கள்!" எண்டாள். நானும் விட்டனானே? "அப்ப என்ர மனுசன் சாகட்டுமெண்டு சொல்லன்!" எண்டு கத்தினன். ஆசுப்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும். விடியத்தான் திரும்பி வந்தாள், கண் வீங்கிப்போய். எனக்குச் சோத்துப் பார்சலொண்டு கையிலை. "உங்கட மனுசன் செத்தா இவர் நடைப்பிணம்தான். எடுக்கச் சொல்லுங்கோ," எண்டு சொல்லிப்போட்டு, என்ர மடியிலை முகத்தை வைச்சு அழுதாள்.

வயலை வித்தாவது லண்டனுக்குப் போறதெண்டு முடிவாச்சு. அன்ஸார் மச்சான் போத்திலிலை சலம் எடுத்துக்கொண்டு வந்தார். வெக்கத்திலை அதை உடுத்திருந்த சாரத்துக்குள்ளை மறைச்சுப் பிடிச்சபடி.

டொக்டர் கண்ணாடிக் குழாயிலை கொஞ்சம் ஊத்தி, நெருப்பிலை சரிச்சுப் பிடிச்சார். நானும் அன்ஸார் மச்சானும் சபூறாவும் கிட்டப் போய் எட்டிப் பாத்தம். மேல்பக்கம் மெல்ல வெளுத்துது.

"பொறுங்கோ, சிலநேரம் உப்பாலையும் வெளுக்கும். புளிப்பு மருந்து விட்டா அது கரைஞ்சிடும்." டொக்டர் ரெண்டு துளி விட்டார். கரை, கரை எண்டு நான் அந்தக் குழாயைப் பாத்துக் கெஞ்சினன். கரையேல்லை. இன்னும் தடிச்சு, அவிச்ச முட்டை வெள்ளை மாதிரி அடியிலை இறங்கிச்சுது.

அடுத்த நாள் விடியச் சலத்தையும் பாத்தார். அதுவும் அப்பிடித்தான். கையிலை பட்டி கட்டிப் பிரசர் பாத்தார். அது கூடிப்போயிருந்துது. பிறகு காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை கையை விட்டுக்கொண்டு, "அன்ஸார், நீங்கள் என்ன மருந்து குடிச்சனீங்கள்?" எண்டு கேட்டார்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை டொக்டர். மருந்தே குடிக்கிறதில்லை."

சொல்லி முடிக்க முதல் அவற்றை முகம் செத்துப் போச்சு. என்ர முகமும்தான். முந்தின மாரியிலை லாபிருக்கு மூட்டு நோ. ஊர் ஊராத் திரியிற வைத்தியன் ஒருத்தன் பாதரசம் போட்ட செந்தூரம் தந்தான். தேனிலை குழைச்சு மாரி முழுக்கத் தின்னச் சொன்னான். மாமி அதை ரெண்டாப் பிரிச்சா. ரெட்டையிலை ஒருத்தனுக்கு மட்டும் மருந்து குடுத்தா, வருத்தம் மற்றவனிலை பாய்ஞ்சிடுமாம். பால்குடியிலையிருந்தே எங்கட வீட்டிலை அந்த வழமைதான். லாபிருக்குக் காய்ச்சலெண்டா அன்ஸாருக்கும் கசாயம். ஒரு நோவும் இல்லாத மனுசன், உம்மாவின்ர சொல்லுக்காக, தன்ர பங்கைச் சத்தம் போடாமல் திண்டு முடிச்சுது. எல்லாத்தையும் நான் டொக்டருக்குச் சொன்னன்.

"அதாலைதான் எண்டு நான் அறுதியாச் சொல்லமாட்டன். ஆனா பாதரசம் இதைச் செய்யும். லண்டனுக்கு எழுதி இனிப் பிரியோசனமில்லை," எண்டார் டொக்டர்.

"எனக்குள்ளை இருக்கிறதிலை ஒண்டாவது நல்லா இருக்காதோ டொக்டர்? வெட்டிப் பாருங்கோவன்," எண்டு அன்ஸார் மச்சான் கேட்டார். டொக்டர் இல்லையெண்டு தலையை ஆட்டினார். அன்ஸார் மச்சானின்ர கண்ணும் கலங்கிப் போச்சு.

லாபிரிட்டை நான் சொல்லமாட்டனெண்டிட்டன். அன்ஸார் மச்சான்தான் போய்க் கட்டிலிலை குந்தி, "எனக்கும் உன்ர வருத்தம்தான்டா. அந்தச் செந்தூரம்," எண்டார். லாபிர் மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்: "உனக்கு மூட்டு நோவே இல்லையேடா. நீ ஏன்டா திண்டனீ?" தம்பியின்ர கையை இழுத்துத் தன்ர நெஞ்சிலை வைச்சுக்கொண்டு விம்மினார். எனக்கு அங்கை நிக்க ஏலாமல் போச்சு.

வெளியிலை, பைப்படியிலை சபூறா நிண்டாள். தண்ணி வாளி நிறைஞ்சு வழியுது, அவள் பாக்கேல்லை. எனக்குப் பக்கத்திலை வந்து, மெல்லமாக் கேட்டாள்.

"ராத்தா, என்ர ஆளுக்கும் இப்பிடி ஊதினா, லாபிர் மச்சான்ரதைத்தானே வைக்கலாம்? வேற ஒருத்தரின்ரயும் ஏற்காதெண்டுதானே டொக்டர் சொன்னவர்?"