மாவிலித்துறையில் எடுத்த கடைசிக் காட்சி

விழாவுக்கு வரமாட்டேன் என்று சுலோஜனா பிடிவாதமாக நின்றாள்.

"என்னால ஏலாது ரீச்சர். நான் பழுதாக்கின படத்தை நானே போய்ப் பாக்கிறதோ?"

நிசாந்தினி நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவள். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைசெய்யும் சுலோஜனாவைக் கேட்டுக் கேட்டே, ஐந்து மாதங்களுக்கு முன் தன் பதினொரு நிமிடக் குறும்படத்தில் நடிக்க வைத்திருந்தாள். வெளிநாட்டில் பன்னிரண்டு வருடம் இருந்த கணவன் படகில் வந்து இறங்குகிறான்; மனைவி அவனைக் கண்டு விம்மி அழவேண்டும். அதுதான் கடைசிக் காட்சி.

கணவனாக நடித்தவர் பஸ் கொண்டக்டர் தம்பிஐயா. படகு தீவின் இறங்குதுறையான மாவிலித்துறைக்கு வந்ததும் அவர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு இறங்கினார். இறங்கும்போதே வலதுகால் செருப்புக் கழன்று கடலில் விழுந்தது. வெயிலில் சீமெந்துத் தரை கொதித்தது. மனிதர் கமராவைக் குழப்பக்கூடாது என்று, அந்த இறுகிய முகம் மாறாமல் ஒற்றைக் காலில் கெந்திக் கெந்தி வந்தார்.

அழுவதற்காகக் காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த துக்கமெல்லாம் எங்கே போனதோ, சுலோஜனா குபீரென்று சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தினாள். அடங்கவில்லை. அவரும் சிரிக்கத் தொடங்கினார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். வாடகைக் கமரா அதே படகில் திரும்பவேண்டியிருந்ததால் இன்னொருமுறை எடுக்க வழியில்லை. நிசாந்தினி ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

இப்போது யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா. படம் போட்டிக்குத் தெரிவாகியிருந்தது. கடைசிக் காட்சியை நிசாந்தினி வெட்டியிருப்பாள் என்றே சுலோஜனா நினைத்தாள்.

தம்பிஐயாதான் அவளை அசைத்தார். "வெள்ளைக்காரருக்கு முன்னால நான் தனிய நிண்டு என்ன செய்யிறது? நீரும் வாரும்."

மூவரும் காலைப் படகில் அக்கரையிலுள்ள குறிகட்டுவானுக்குப் போய் பஸ் பிடித்தார்கள். மண்டபத்தில் ஈரான் படமொன்றும் கென்யாப் படமொன்றும் முடிந்தபின் இவர்களுடைய படம் ஓடியது. கடைசிக் காட்சி வெட்டப்படவில்லை! சுவரளவு பெரிதாகத் தன் முகம் சிரிப்பதைக் கண்டு சுலோஜனா கதிரைக்குள் ஒடுங்கினாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. சிரிப்பு ஓயும்போது மூக்கை உறிஞ்சும் சத்தங்கள் கேட்டன. பக்கத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

பின்னேரம் சிறந்த குறும்படம் எனப் பரிசு அறிவித்தார்கள். இத்தனை வருடப் பிரிவு ஒரு சிரிப்பில் உடைந்ததைத் தாங்கள் எங்கும் பார்த்ததில்லை என்றார் நடுவர். ஒலிவாங்கியைச் சுலோஜனாவிடம் நீட்டினார்கள்.

"அது நடிப்பில்லை," என்றாள் அவள். "தம்பிஐயா அண்ணையின்ர செருப்பு கடலுக்க விழுந்திட்டுது."

தமிழ் தெரிந்தவர்கள் உடனே சிரித்தார்கள். மொழிபெயர்த்தபின் மற்றவர்கள் சிரித்தார்கள்.

வாசலில், பக்கத்துக் கதிரைப் பெண் வந்து அவள் கையைப் பிடித்தாள். "பதினேழு வரியத்துக்குப் பிறகு என்ர தம்பி கனடாவில இருந்து வந்து இறங்கேக்க நானும் இப்பிடித்தான் சிரிச்சனான். எல்லாரும் எனக்கு விசர் எண்டவை."

"தம்பி சுகமா இருக்கிறாரோ?" என்று கேட்டாள் சுலோஜனா.

"ஓம், நல்லாக் கொழுத்திட்டான்."

இருவரும் கையை விடாமல் சிரித்தார்கள்.

கடைசிப் படகு போயிருக்கும். இரவு நிசாந்தினியின் சின்னம்மா வீட்டில் தங்குவதென்று முடிவாகி, மூவரும் ஐஸ்கிறீம் கடைக்குள் ஏறினார்கள்.

"ஏன் ரீச்சர் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?" என்றாள் சுலோஜனா.

"என்ன சொல்லுறதெண்டு எனக்கே தெரியேல்லை அக்கா. படத்தை வெட்டி ஒட்டேக்கதான் விளங்கினது, நான் எழுதின அழுகையை விட அது நல்லம் எண்டு."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம். ஐஞ்சு மாசம் உமக்கு ஒளிச்சுத் திரிஞ்சனான்!" என்று பொய்க் கோபம் காட்டிய சுலோஜனா, பரிசை மேசையில் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு இன்னொரு ஐஸ்கிறீமுக்குச் சொன்னாள்.