கிராணி வீட்டு நெய்

"உங்கப்பா சோத்துல எத்தனை கரண்டி நெய் ஊத்திக்குவாரும்மா?"

டாக்டர் சாமிநாதன் கேட்டதும் குஞ்சம்மா குனிந்துகொண்டாள். பதில் தெரியும். பக்கத்தில் அப்பா நின்றார்.

"நெய்யா? இந்தச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுல நெய்யிக்கு எங்க போறது டாக்டர்?" என்றார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தம்புசாமி.

பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவர்கள், ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள், கோலா சுங்கை பாரு மீன்காரர்கள், இவர்களில் யாருக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறுகிறது, யாருக்கு நெஞ்சு அடைக்கிறது என்று பார்க்கத்தான் டாக்டர் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்திருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தாலும் குஞ்சம்மாவுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். அதனால் எழுதும் வேலை அவளுக்கு. ஆனால் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. அவசரகாலச் சட்டம் போட்டு எல்லோரையும் முள்வேலிக்குள் அடைத்த நாளிலிருந்து, சாப்பாட்டைப் பற்றி யார் கேட்டாலும் குறைத்துச் சொல்வதே வழக்கம். ஒரு டின் கூடுதலாக இருந்தால், காட்டில் ஒளிந்து சண்டை போடும் காட்டுக்காரர்களுக்கா என்று போலீஸ்காரர்கள் பிடித்துப் போவார்கள்.

"ஒரு கை சோறு, ஒரு கருவாடுலா," என்ற பால்மரம் வெட்டும் காளியம்மா கிராணியைப் பார்த்துச் சிரித்தாள். "நம்ம கிராணிக்கு அதுவும் இல்ல. காத்தக் குடிச்சே தொந்தி போட்டுட்டாரு!"

லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. 'நெய் இல்லை' என்று குஞ்சம்மா எழுதினாள். வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் நெய் டின் இருந்தது. ஆபீஸ் படியில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் இரண்டு முறை பார்த்திருந்தாள்.

அன்று மத்தியானத் தூக்கத்தில் அப்பா ஒரு பால்மரமாக நின்றார். அவர் மார்பில் வெட்டிய கோட்டில் வெள்ளையாக வழிந்த பால் மெல்ல உறைந்தது, கடைசிச் சொட்டு விழாமல் தொங்கியது. கீழே அவள் கோப்பையை ஏந்தியபடியே இருந்தாள். இலைகள் சத்தமில்லாமல் அவள் தலைமேல் உதிர்ந்தன.

விழித்ததும், அரிசிச் சாக்கடியில் ஒளித்திருந்த நோட்டை எடுத்துப் போய் டாக்டர் முன்னால் வைத்தாள். அப்பாவின் ஒவ்வொரு நாள் சாப்பாடும் அதில் இருந்தது. நெய் மூன்று கரண்டி. நான்கு கரண்டி. படியில் வலி.

டாக்டர் கிராணியைக் கூப்பிட்டனுப்பினார். "இது உங்க ரத்தத்துக்காகக் கேட்டது கிராணி. வேலிக் கேட்டுல சோதனை போடுறவங்களுக்குப் போகாது. வலி எத்தனை நாளா?"

தம்புசாமி நோட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு டாக்டர் நெஞ்சைச் சோதிக்கச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

"மரம் வெட்டுறவங்க நாள் பூரா நடக்குறாங்க. நீங்க நாற்காலிய விட்டு எழுந்திரிக்கிறதில்ல. நெய்ய விடுங்க. பின்னேரம் மெதுவா நடங்க. அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்றார் டாக்டர்.

பின்னேரம் அவள் சோறு வைத்தாள். டின்னை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். அவர் வெறும் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டார், கை கழுவினார். ஊரடங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வேலியோரமாக நடக்கத் தொடங்கினார்.