கண்ணாடிப் பெட்டியின் பூட்டு

பின்னறையில் ஏதோ விழுந்து உடைந்தது.

பெக்கானி கேஸ் அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த மக்காச்சோளக் களியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். தரையில் ஜாடி தூள்தூளாகக் கிடந்தது. மேசை மேல் மலைப்பாம்பின் பெட்டி. நழுவும் கண்ணாடிக் கதவு ஒரு சாண் விலகியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

பூட்டு மட்டும் சாவியோடு பெட்டியின் மேல் பத்திரமாக இருந்தது.

அவன் குட்டியிலிருந்து வளர்த்த பாம்பு. இப்போது ஆள் நீளம். போன மாதம் பழைய பெட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோதே மனைவி தோலாக்கெலே முடிவாகச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை வந்தால் அது இந்த வீட்டில் இருக்காது. அதற்காகத்தான் இந்தக் கண்ணாடி, இந்தப் பூட்டு. காலையில் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

நேற்று நொங்கோமா ஊரிலிருந்து வந்த மாமனார் சுங்கு இந்தப் பூட்டைத்தான் வெகுநேரம் பார்த்தார். "ஆட்டுக்குக்கூட நாங்க பூட்டுப் போட்டதில்ல மாப்பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு தட்டைத் தொடவே இல்லை. டவுன் சமையல் பிடிக்கவில்லை போல என்று நினைத்திருந்தான்.

மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் விளக்கின் சூடு போனால் பாம்பு கதகதப்பைத் தேடும். இந்தக் குளிரில் வீட்டிலேயே கதகதப்பான இடம் ஒன்றுதான். குழந்தை மெலூசியின் தொட்டில். காலடியில் வெந்நீர்ப் பை.

பின்னறையை ஒட்டிய படுக்கையறை வாசலில் தோலாக்கெலே நின்றாள்.

"என்ன உடைஞ்சுது?"

"பையனைத் தூக்கு. மெதுவா."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சத்தமே போடாமல் குழந்தையை வாரித் தோளில் சாய்த்துக்கொண்டாள். பெக்கானி போன் வெளிச்சத்தில் போர்வையை விலக்கினான். வெறும் பை. மெத்தையைத் தூக்கினான். இல்லை. குனிந்தான்.

தொட்டிலின் காலைச் சுற்றிக்கொண்டு பாம்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. தலை கம்பியைத் தொட்டுவிட்டது. இரை போட்டு வெகுநாளாகியிருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. கழுத்தருகே ஒரு கை, நடுவில் ஒரு கை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்று சுற்றாகப் பிரித்தெடுத்தான்.

"மெலூசி அப்பா, நாளைக்குக் காலைல இது கிளம்பணும்," என்றாள்.

"நான் பூட்டினேன்டி."

"அப்ப பாம்பே சாவி போட்டுத் திறந்துச்சா?"

வாசலில் நிழல் விழுந்தது. சுங்கு. மருமகன் தோளில் கிடந்த பாம்பைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மகள் பக்கம் திரும்பவே இல்லை.

"செத்தும் கொள்ளுப்பேரனைப் பாக்க பாம்பா வந்த எங்கப்பாவப் பூட்டி வச்சிட்டு, நான் எப்படி மாப்பிள்ளை சாப்பாட்டுல கை வைக்கிறது?"