நானூற்றுப் பன்னிரண்டு முறை சொன்ன பெயர்

கலும்பாங் கோயில் மண்டப வாசலில் கட்டியிருந்த பேனரில் முனைவர் புவனேசனின் படம் சாப்பாட்டுத் தட்டு அளவு, டத்தோ செல்லையாவின் படம் லோரி டயர் அளவு. நடுவில், மின்னலுக்கும் இரண்டு கிரகங்களுக்கும் இடையே, "உலகமே 412 முறை மேற்கோள் காட்டிய குவாண்டம் தமிழன்" என்று எழுதியிருந்தது.

டத்தோ பட்டத்தை எந்த மாநிலத்து சுல்தான் கொடுத்தார் என்று செல்லையாவிடம் யாரும் கேட்பதில்லை. லோரி கம்பெனிக்காரர், கோயில் கமிட்டித் தலைவர். ஊரில் யார் எதில் ஜெயித்தாலும் பொன்னாடையோடு முதல் ஆளாகப் போய் நிற்பார், போட்டோகிராபரும் கூடவே போவார். இந்தத் தடவை கூகிளில் புவனேசன் பெயரைத் தட்டியதும் அந்த எண் வந்து விழுந்தது. நம்ம எஸ்டேட்டு லயத்தில் பிறந்த பிள்ளைக்கு நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்! அதற்குமேல் அவர் படிக்கவில்லை.

படித்திருந்தால் பேனர் செலவு மிச்சம்.

பல வருடங்களுக்கு முன் புவனேசன் ஒரு கட்டுரை எழுதினார். குறிப்பிட்ட ஒரு படிகத்தைக் கடுமையாகக் குளிர்வித்தால், அதற்குள் இரண்டு துகள்களுக்கு இடையிலான குவாண்டம் பின்னல் யாரும் நினைக்காத அளவு நீடிக்கிறது என்று. உலகம் பரபரத்தது. பிறகு ஒவ்வோர் ஆய்வுக்கூடமாகச் செய்து பார்த்தார்கள். எவருக்கும் வரவில்லை. 'புவனேசன் கண்டதாகச் சொன்னது எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்று ஆளாளுக்கு எழுதினார்கள். ஒவ்வொன்றும் ஒரு மேற்கோள். எண்ணுகிற கம்ப்யூட்டருக்குத் திட்டும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான்.

ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்தவள் அவருடைய ஆய்வு மாணவி விஷாலினி. புக்கிட் பெருந்துங்கிலிருந்து தினமும் பல்கலைக்கழகத்துக்குக் காரோட்டிப் போய், பழைய பதிவுகளையெல்லாம் தோண்டி, சார் அளந்தது பின்னலையே அல்ல, குளிரூட்டும் பம்பின் அதிர்வை என்று காட்டினாள். அவளுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அதுதான். ஆய்விதழுக்கு அனுப்பத் தனிக் கட்டுரையாகவும் எழுதி வைத்திருந்தாள். புவனேசன் கையெழுத்துப் போட்டால் பட்டம். அவளுக்கு வரும் உபகாரச் சம்பளம் இந்த மாதத்தோடு நிற்கிறது.

"என் பேராசிரியர் பதவி இன்டர்வியூ முடியட்டும்மா" என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் மட்டும் குரல் மாறியது. "நான் சம்மதிக்காம கட்டுரைய அனுப்பினா வேற சூப்பர்வைசர் பாத்துக்க." இந்தத் துறைக்கு அங்கே வேறு ஆள் கிடையாது. அது இருவருக்குமே தெரியும்.

ஞாயிறு காலை விழாவில் மாலை, பொன்னாடை, மறுபடி மாலை எல்லாம் முடிந்ததும் டத்தோ மைக்கைப் பிடித்தார்.

"டாக்டர் தம்பியோட ஸ்டூடண்டு, நம்ம விஷாலினி, இங்கதான் இருக்கு. மேடைக்கு வாம்மா. இந்த மேற்கோள்னா என்னான்னு நம்ம சனங்களுக்கு வெளக்கு. சிம்பிளா சொல்லு லா."

விஷாலினி மேடையேறினாள். புவனேசனைப் பார்த்தாள். அவர் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"செம்பனைக் காட்டுக்குள்ள ஒருத்தர் வழி சொல்றார்னு வைங்க. அந்த வழியில போனவங்க எல்லாம் சேத்துல மாட்டிக்கிறாங்க. திரும்பி வந்து ஆளுக்கொரு போர்டு நடுறாங்க. 'இது இன்னார் சொன்ன வழி, போகாதீங்க'ன்னு. ஒவ்வொரு போர்டுலயும் அவர் பேர் இருக்கும். அதான் மேற்கோள். சாருக்கு நானூத்திப் பன்னெண்டு போர்டு."

புவனேசன் மாலையை விட்டுவிட்டு மண்டபத்தைப் பார்த்தார்.

டத்தோ மைக்கைப் பிடுங்கினார். "கேட்டீங்களா! கோயில் ரோட்டு முனையில ஒரே ஒரு போர்டு வைக்க நான் கவுன்சிலுக்கு நடையா நடந்தேன். இன்னும் வரல. தம்பி பேர்ல உலகம் பூரா நானூத்திப் பன்னெண்டு போர்டு நிக்குது லா!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது.

ஏற்புரைக்குப் புவனேசன் எழுந்தார். எழுதி வந்த பேச்சு சட்டைப் பையிலேயே இருந்தது. "விஷாலினி சொன்னது நெசம்" என்றார். "என் கட்டுரை தப்பு. நான் அளந்தது வெறும் பம்பு அதிர்வு. நீங்க மாலை போடற அளவுக்கு நான் ஒண்ணும் செய்யல."

அந்த மேடையில் மாலை வாங்கிய யாரும் அப்படிச் சொல்லாமல் இறங்கியதே இல்லை. போன வருஷம் சிலம்ப வாத்தியார் தனக்குக் கம்பே சுத்தத் தெரியாது என்றார். அதற்கு முந்தின வருஷம் சமையல் போட்டியில் ஜெயித்த புனிதவதி தன் குழம்பை நாய்கூட மோந்து பார்க்காது என்றாள். முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"என்னா ஒரு தன்னடக்கம்!" டத்தோ மறுபடி மைக்கைப் பிடித்தார். "அந்த இன்னொரு பொன்னாடையைக் கொண்டாங்கப்பா!"

இரண்டாவது பொன்னாடைக்குள் புவனேசனுக்கு உடம்பே லேசானது போலிருந்தது. சொல்லியாயிற்று. நானூறு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லியாயிற்று. சாப்பாட்டு வரிசை வரைக்கும் அந்தச் சுகம் இருந்தது. அங்கே விஷாலினி நின்றிருந்தாள்.

"நல்லா பேசினீங்க சார்."

"நான் பொய் சொல்லலையே."

"இல்ல சார். இங்க சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சு உண்மையச் சொன்னீங்க." தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "சாப்டர் ஃபோர்?"

அவர் சாம்பார் வாளியைப் பார்த்தார். "இன்டர்வியூ முடியட்டும்மா."

அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். கட்டுரை ஏற்கெனவே ஏற்றித் தயாராக இருந்தது. ஒரு தடவை தவறி, மறுபடியும் அழுத்தினாள்.

"அனுப்பிட்டேன் சார். என் பேர்ல மட்டும்."

"உன் பட்டம் என்னாகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்." கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். "அதுல முதல் மேற்கோளே உங்க கட்டுரைதான்."

பின்னால் வடையோடு நின்ற டத்தோவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது. "என்னம்மா, இன்னொரு மேற்கோளா?"

"ஆமா டத்தோ."

"அடி சக்கை! சாப்பாடு முடியறதுக்குள்ள ஒண்ணு கூடிருச்சே! ஏய் முருகையா, மார்க்கர் எடு. பேனர்ல அந்த ரெண்ட மூணாக்கு!"

கமிட்டிப் பொருளாளர் முருகையா கனமான ஆள். வாசலில் ஏணியைச் சாத்தி இரண்டு படி ஏறியதும் ஏணி ஆடியது. கீழே குனிந்து பார்த்தார். பக்கத்தில் நின்றது புவனேசன்தான். விஷாலினியின் கார் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர் தம்பி, கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் ஏணியப் புடிங்க."

தோளில் இரண்டு பொன்னாடையும் சரிய, புவனேசன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.